முப்பத்திரண்டு இஸ்திரிப் பெட்டிகள்

போர் முடிந்த செய்தி துறைமுகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தது. பெண்கள் இனி வீட்டுக்குப் போகலாம் என்னும் உத்தரவு பத்தே முக்காலுக்கு வந்தது. அரசு அலுவல்கள் ஆமை வேகத்தில் நகர்கின்றன என்று குறை கூறுவோர் இந்தக் கால்மணி நேரத்தைக் கருத்தில் கொள்வதில்லை.

பதினேழாம் எண் கிரேனின் கூண்டில், எழுபத்தெட்டு இரும்புப் படிகளுக்கு மேலே, ஒருத்தி அமர்ந்து கப்பலிலிருந்து சிமெண்டு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். உத்தரவை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. கிரேனுக்குக் கொடியசைத்துச் சைகை காட்டும் கொடிக்காரர் மட்டும் கீழே நின்று, இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவினார்.

"மேல்வீட்டம்மா! சண்டை முடிஞ்சு போச்சாம்!"

"நல்லதாப் போச்சு! இந்த மூட்டையை எங்க இறக்கணும்?"

"மூணாம் கிடங்கு! அப்புறம், உங்களையெல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க!"

"மூட்டையை இறக்கிட்டா, அப்படியே தொங்கவிட்டுட்டா?"

உத்தரவில் அதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

மேல்வீட்டுக்காரி என்பது சுமைதூக்குவோர் அவளுக்கு இட்ட பெயர். விடிந்ததும் மேலே ஏறிப் பொழுது சாய்ந்ததும் கீழே இறங்குகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. ஐந்தாண்டுகளுக்கு முன் அந்தக் கூண்டில் அமர்ந்திருந்தவர் அவளுடைய கணவர். ஓட்டுநர்கள் அனைவரையும் ஒரே வாரத்தில் படைக்கு அழைத்துக்கொண்டபோது, கப்பல்கள் வரிசையாக நின்றன. கிரேன்கள் கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றன. அவரவர் மனைவி அவரவர் கணவரின் எண்ணில் பணியாற்றலாம் என்று அப்போது ஒரு சுற்றறிக்கை வந்தது. புறப்படும் நாளில் கணவர் அவளை மேலே அழைத்துச் சென்று, நெம்புகோல் ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி, தமது அனுபவம் முழுவதையும் இரண்டே சொற்களில் வழங்கினார்.

"எதையும் தொடாதே."

அவள் தொட்டாள். முதல் மாதம் கிரேனில் சரக்கு எதையும் தூக்கவில்லை. ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீரை நிரப்பி, அதைத் தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். முதல் நாள் பீப்பாய் காலியாகப் போய்ச் சேர்ந்தது. பத்தாம் நாள் பாதி சேர்ந்தது. தொங்கும் பாரம் முன்னே ஆடும்போது கிரேனின் கையையும் அதனோடு முன்னே ஓடவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும், எதிர்த்திசையில் இழுத்தால் இரட்டிக்கும் என்பதை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை; பீப்பாய் கற்பித்தது. இருபத்தாறாம் நாள் ஒரு சொட்டும் சிந்தவில்லை. கீழே நின்ற சுமைதூக்குவோர் அன்றுதான் முதன்முறையாகத் தலைக்குமேல் பார்க்காமல் தேநீர் குடித்தனர்.

ஆயினும் விதிப்புத்தகத்தின்படி, கிரேன் ஓட்டுநர் என்பவர் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்மகன். போரின் நடுவே விதியைத் திருத்த எவருக்கும் நேரமில்லை. ஆகவே விதியைத் திருத்தாமல் பெண்களை மட்டும் ஏற்றிவிட்டனர். உரிமம் கணவரின் பெயரில் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவருடைய பெயர் இருந்தது. வாயிற்கதவருகே ஆணியில் மாட்டும் பித்தளை வில்லையில் அவருடைய எண் இருந்தது. ஐந்தாண்டுக் காலம் அவர் போர்முனையிலும் பதினேழாம் கிரேனிலும் ஒரே நேரத்தில் பணியாற்றினார் என்று அரசின் பதிவேடுகள் ஒருமனதாகச் சான்று கூறும்.

மூன்று வாரங்கள் கழித்து அவர் திரும்பி வந்தார். மார்பில் ஒரு பதக்கம் இருந்தது. உயரமான காவல் கோபுரத்தில் நெஞ்சுரம் குலையாமல் நின்றமைக்காக என்று அதன் பின்புறத்தில் பொறித்திருந்தனர்.

வெள்ளி மாலை வந்தவர் திங்கள் காலை பணியில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. இடையில் கிடைத்த இரண்டு நாள்களை அவள் வீட்டில் இருந்து பழகுவதற்குப் பயன்படுத்திக்கொண்டாள். சமையலறையில் பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்கினாள். மறுபடியும் மாற்றினாள். விளிம்புவரை நிரம்பிய குடத்தை ஒரு துளி சிந்தாமல் கூடத்தைக் கடந்து கொண்டுபோய் வைத்தாள். பார்த்து வியக்கக் கீழே ஒருவரும் இல்லை. கையில் பிடிக்க நெம்புகோல் இல்லாததால் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியைத் தாமாகவே பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்தன. அவளுடைய நாத்தனார் இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்தாள்.

"என்ன அண்ணி, நாற்காலியை எந்தக் கிடங்குக்கு அனுப்பப் போறீங்க?"

"வாயை மூடுடி."

"நான் மூடினா துறைமுகத்துல யாரு தேநீர்னு கூவறது?"

நாத்தனார் தளத்தில் தேநீர் வண்டி தள்ளுகிறவள். போருக்கு முன்பும் அவள் அதைத்தான் தள்ளினாள். தேநீர் ஊற்றுவது ஆணிடமிருந்து இரவல் வாங்கிய வேலை அன்று. ஆதலால் அதைத் திருப்பிக் கொடுக்குமாறு அவளை ஒருவரும் கேட்கவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்குக் கணவரும் மனைவியும் கிரேனின் அடியில் நின்றனர். கூண்டின் சாவியை ஒப்படைத்துவிட்டு, பழைய பிரேக்கின் குணத்தை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கிவிடுவது என்று அவள் தீர்மானித்திருந்தாள். அந்தத் தீர்மானத்தைக் காலையிலிருந்து ஏழெட்டு முறை புதுப்பித்திருந்தாள். அவர் முன்னே ஏறினார். அவள் பின்னே ஏறினாள். பதினோராம் படியில் அவர் நின்றார்.

"ஏங்க, ஏன் நின்னுட்டீங்க?"

"மூச்சு வாங்கிக்கறேன்."

"பதினோரு படிக்கா?"

அவருடைய காலணிகள் அவளுடைய முகத்துக்கு நேரே நடுங்கிக்கொண்டிருந்தன. இரும்புப் படி அந்த நடுக்கத்தை வாங்கி அவளுடைய உள்ளங்கைக்கு அனுப்பியது.

"கீழ பாத்தா கையை விட்டுடணும்போல இருக்கு," என்றார் மெதுவாக. "விட்டுடுவேனோன்னு பயமா இல்ல. விட்டுடணும்னு தோணுது."

அவள் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கவாட்டில் ஏறிச்சென்று, இரும்பைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கீழ்ப்படிக்கு மாற்றி, மறுபடி பிரித்து, பதினோரு படிகளையும் அவ்விதமே இறக்கினாள். அந்தப் பதினோரு படிகளுக்கு ஒரு கப்பலின் பாதிச் சரக்கை இறக்கும் நேரம் பிடித்தது. கோபுரத்தின் உச்சியில் மூன்று பேர் இருந்தனர் என்றும், கோபுரம் சரிந்தபின் ஒருவர் இருந்தார் என்றும் அவர் பின்னர் ஒருநாள் கூறினார்.

கிரேனின் அடியில் கம்பிவடங்களை வைக்கும் அறை ஒன்று இருந்தது. அதற்குள் இருவரும் அமர்ந்தனர். வெளியே கப்பல் ஊதியது.

"கண்காணிப்பாளர்ட்ட போய்ச் சொல்லிடறேன்," என்றார் அவர். "முடியலன்னு எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதிக் கொடுத்தா?"

"நீயே ஓட்டு."

"எனக்கா கொடுப்பாங்க? திரும்பி வந்தவங்க பட்டியல்ல நாப்பத்தாறு பேர் காத்திருக்காங்க. அடுத்த பேரைக் கூப்பிடுவாங்க. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவர் ஏறினால் அவள் இறங்க வேண்டும். அவர் ஏறாவிட்டாலும் அவள் இறங்க வேண்டும். ஐந்தாண்டுகள் அந்தக் கூண்டில் இருந்தவளுக்கு அந்தக் கூண்டு கிடைப்பதற்கான வழி ஒன்றைத்தான் விதிப்புத்தகம் விட்டுவைத்திருந்தது. அவள் இல்லாதவளாக இருக்க வேண்டும்.

கப்பல் இரண்டாம் முறை ஊதியது.

"கோட்டைக் கழட்டுங்க," என்றாள் அவள்.

"எதுக்கு?"

"தொப்பியையும் கொடுங்க."

இவ்வாறு புதிய ஏற்பாடு தொடங்கியது. காலையில் கணவர் முன்வாயில் வழியாக நிமிர்ந்து வந்து, எழுத்தர் பார்க்கத் தம் வில்லையை மாட்டிவிட்டு, கிரேனின் அடிக்குச் சென்று, வடங்களின் அறைக்குள் நுழைவார். மனைவி பக்கவாயில் வழியாக நாத்தனாருடன் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அதே அறைக்குள் சென்று, கோட்டும் தொப்பியுமாகப் பின்பக்க ஏணியில் ஏறுவாள். மாலைவரை அவர் அறைக்குள் அமர்ந்து, நைந்துபோன வடங்களைப் பிரித்து முறுக்கிப் பின்னுவார். சும்மா இருக்க மாட்டாதவர். இரண்டு வாரங்களில் துறைமுகத்தின் கிழிந்த வடங்கள் அனைத்தும் புதியவைபோல் ஆயின. பண்டகக் காப்பாளர் அதற்காகத் தம் உதவியாளரைப் பாராட்டினார்.

இது மிகுந்த கவனத்துடன் காக்கப்பட்ட இரகசியம். துறைமுகத்தில் நானூறு பேருக்கு மட்டுமே அது தெரிந்திருந்தது. அந்த நானூறு பேரும் வாய் திறவாமைக்குத் தக்க காரணம் உண்டு. மற்ற கிரேன்களில் ஐந்தாண்டு இடைவெளிக்குப்பின் ஏறியவர்கள் முதல் வாரத்தில் ஒரு பியானோவையும் நாற்பது மூட்டை சர்க்கரையையும் கடலுக்கு அளித்திருந்தனர். தலைக்குமேல் இருப்பது யார் என்னும் கேள்வியில் சுமைதூக்குவோர் கொள்கையைப் பார்ப்பதில்லை; தலையைப் பார்ப்பார்கள்.

இரகசியம் எட்டாத ஒரே மனிதர் கண்காணிப்பாளர். அவர் நாள்தோறும் காலை ஏழு மணிக்குத் தளத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு கிரேனின் கீழும் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஐந்தாண்டுகளாகப் பதினேழாம் எண்ணில் அவர் கண்டது ஒரு சோடிக் காலணியின் அடிப்பாகம். அதே காலணிகளைத்தான் இப்போதும் கண்டார். ஆனால் இப்போது அவற்றில் ஓர் ஆண்மையான உறுதி தெரிவதாகத் தம் மேசைக்குத் திரும்பி எழுதினார். "ஓட்டுநர் தம் இடத்துக்குத் திரும்பிய நாள்முதல் பதினேழாம் எண் கிரேனின் வேகம் கணிசமாக உயர்ந்துள்ளது. பெண்கள் அன்புடன் ஆற்றிய பணியை ஆண்கள் அறிவுடன் தொடர்கின்றனர்." இந்த அறிக்கை தலைநகருக்குச் சென்றது. தலைநகரில் அதை மூன்று பேர் வாசித்தனர், மூவரும் மகிழ்ந்தனர்.

வேகம் உயர்ந்ததும் உண்மைதான். கூண்டு கைநழுவிப் போகக்கூடும் என்று அறிந்தவள் அதில் அமரும் விதமே வேறு.

"கொஞ்சம் மட்டமா ஓட்டக் கூடாதா நீ?" என்று கணவர் ஒருநாள் கெஞ்சினார். "எல்லாரும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க. எனக்குக் கூசுது."

"எனக்கு மட்டமா ஓட்டத் தெரியாதே."

"கத்துக்கோயேன்."

"யாரு சொல்லிக்கொடுப்பா? நீங்கதான் எதையும் தொடாதேன்னுட்டீங்களே."

நாத்தனார் வாயில் இருந்த தேநீரைத் துப்பிவிட்டாள்.

நன்றாக வேலை செய்ததற்கான தண்டனை விரைவில் வந்தது. விடைபெற்ற பெண்கள் முப்பத்திரண்டு பேருக்கும் நன்றி நவிலும் விழா ஒன்று எடுப்பது என்றும், அதற்கு ஆணையரே வருகிறார் என்றும், விழாவின் நடுநாயகமாகத் திகழவிருப்பது பதினேழாம் எண் கிரேன் என்றும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினர். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பாராட்டுப் பத்திரமும் ஓர் இஸ்திரிப் பெட்டியும் பரிசு. முப்பத்திரண்டு பெட்டிகளையும் ஒரே வலையில் கட்டி, திரும்பிவந்த ஓட்டுநர் மேலிருந்து மேடையில் இறக்குவார். பிறகு அவரே இறங்கிவந்து, முதல் பெட்டியை மேடையில் காத்திருக்கும் தம் மனைவியின் கையில் வழங்குவார். கண்காணிப்பாளர் இந்தக் காட்சியைத் தாமே கற்பனை செய்தார். கற்பனை செய்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

அதை வாசித்துவிட்டு மூவரும் வடங்களின் அறையில் கூடினர்.

"ஒரே நேரத்துல அண்ணி மேலயும் இருக்கணும், மேடையிலயும் இருக்கணும்," என்று நாத்தனார் விரல்விட்டாள். "அண்ணன் மேலயும் இருக்கணும், அப்புறம் கீழ வரணும். ஆனா அண்ணன் ஏற்கெனவே கீழதான் இருக்கு. இதுல எத்தனை பேரு குறையறாங்க?"

"நான் இன்னொரு தரம் ஏறிப் பாக்கறேன்," என்றார் கணவர்.

ஏறினார். அன்று பதினான்கு படிகள்வரை சென்றார். முன்னேற்றம் மறுக்க முடியாதது. அந்த விகிதத்தில் எழுபத்தெட்டை எட்டும்போது கிரேன் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். அவள் மறுபடியும் விரல்களைப் பிரித்து இறக்கிக்கொண்டு வந்தாள்.

முடிவில் நாத்தனாரின் திட்டமே ஏற்கப்பட்டது. மனைவியின் பெயரைக் கூப்பிடும்போது, அவளுக்குக் கடும் காய்ச்சல் என்று நாத்தனார் மேடையில் சொல்லுவாள். வலை இறங்கியதும், கணவர் இன்னொரு கோட்டுடன் அறையின் பின்புறத்திலிருந்து மூச்சிரைக்க வெளியே வருவார். ஏணி கிரேனின் பின்பக்கம் இருப்பதால், அவர் எங்கிருந்து வந்தார் என்று எவருக்கும் தெரியாது.

"மூச்சிரைக்கணும் அண்ணே, மறந்துடாத. எழுபத்தெட்டுப் படி இறங்கி வர்றவன் கல்யாணத்துக்கு வர்றவனாட்டம் வரக் கூடாது."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்."

"தெரியாதே. அதனாலதானே சொல்றேன்."

விழா நாளில் வானம் ஒத்துழைத்தது. மேடையில் ஆணையரும் கண்காணிப்பாளரும் வீற்றிருந்தனர். முப்பத்தொரு பெண்கள் இரு வரிசைகளில் நின்றனர். கப்பல் பட்டறையில் இரும்பு வெட்டியவள், லாரி ஓட்டியவள், வெல்டிங் செய்ததால் புருவம் கருகியவள் என அவர்களுக்குள் பல வகையினர் இருந்தனர். அனைவரும் இப்போது ஒரே மாதிரியாகத் தலைவாரிக்கொண்டு வந்திருந்தனர். பின்வரிசையில் இருந்த லாரிக்காரி, பக்கத்தில் நின்றவளின் காதில், "இஸ்திரிப் பெட்டிக்கு லைசென்ஸ் யாரு பேருல கொடுப்பாங்க?" என்று கேட்டாள். முன்வரிசை முழுவதும் தோள் குலுங்கிற்று. கண்காணிப்பாளர் அது விம்மல் என்று ஆணையரிடம் விளக்கினார்.

வலை எழும்பியது. முப்பத்திரண்டு இஸ்திரிப் பெட்டிகளும் கடலுக்கும் தலைகளுக்கும் மேலாக நகர்ந்து, மேடையின் நடுவில் விரித்திருந்த கம்பளத்தின்மீது, உறங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் அமர்ந்தன. ஒரு பெட்டிகூட இன்னொன்றோடு உரசி ஒலிக்கவில்லை. ஆணையர் எழுந்து நின்று கைதட்டினார்.

"பாத்தீங்களா ஐயா, ஆம்பளை கை!" என்றார் கண்காணிப்பாளர்.

இதுவரை எல்லாம் திட்டப்படி நடந்தது. ஆனால் செய்தித்தாளிலிருந்து வந்த புகைப்படக்காரர் தம் தொழிலில் அக்கறை உள்ளவர். ஓட்டுநர் ஏணியிலிருந்து இறங்கும் காட்சியைப் பிடிக்க விரும்பி, முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஏணியின் அடியிலேயே, வடங்களின் அறைக்கு எதிரிலேயே நிறுத்திவிட்டார். கோட்டுடனும் ஒத்திகை பார்த்த மூச்சிரைப்புடனும் கதவுக்குப் பின்னே நின்ற கணவர் வெளியே காலெடுத்து வைக்க வழியில்லாமல் போயிற்று.

ஒரு நிமிடம் கழிந்தது. இரண்டு நிமிடம் கழிந்தது. ஒருவரும் இறங்கவில்லை.

"கூப்பிடுய்யா அவரை," என்று ஆணையரின் செயலர் கொடிக்காரரை அதட்டினார்.

கொடிக்காரர் பதறினார். மேலே இருப்பவரைக் கீழே இறக்க அவரிடம் இருந்தது ஒரே சைகை. போர்க்காலத்தில் விமானங்கள் வரும்போது, சிவப்புக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடிப்பார். அதைக் கண்டால் ஓட்டுநர் எவரும் காரணம் கேட்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது, அந்தக் கணமே பிரேக்கைப் பூட்டிவிட்டு இறங்க வேண்டும். யோசித்த இரண்டு பெண்கள் ஒன்பதாம் எண் கிரேனோடு போய்விட்டனர். அதன்பின் எஞ்சியவர்களின் கால்கள் யோசனைக்குக் காத்திருப்பதை நிறுத்திவிட்டன.

கொடிக்காரர் கொடிகளைக் குறுக்காகப் பிடித்தார்.

மேல்வீட்டுக்காரியின் கை பிரேக்கைப் பூட்டியது. கால் ஏணியைத் தேடியது. உடம்பு படபடவென்று இறங்கத் தொடங்கியது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று மனத்துக்கு எட்டியபோது அவள் நாற்பதாம் படியில் இருந்தாள். கீழே புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். மேலே ஏறினால் விபரீதம், இறங்கினாலும் விபரீதம். நாற்பது படிகளையும் அவள் இறங்கிமுடித்தாள். காற்று இடையிலேயே தொப்பியைக் கொண்டுபோய்விட்டது.

கம்பளத்தின் ஓரம் படபடக்கும் ஓசை துறைமுகம் முழுவதும் கேட்டது. அவள் கணவரின் கோட்டுடன், எண்ணெய் படிந்த கைகளுடன் மேடைக்கு முன் வந்து நின்றாள்.

வடங்களின் அறைக்கதவு உள்ளிருந்து தள்ளப்பட்டது. "சார், நான் சொல்றேன்" என்று ஒரு குரல் தொடங்கிற்று. நாத்தனார் தேநீர் வண்டியை இழுத்துக் கதவின்மேல் சாத்தி, தானும் அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"எலி," என்றாள் செயலரிடம். "பெரிய எலி."

"இந்த அம்மா யாரு?" என்று ஆணையர் கேட்டார்.

கண்காணிப்பாளர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை அவர் பார்ப்பது அதுவே முதல்முறை. பிறகு அவருடைய பார்வை மெல்லக் கீழிறங்கி அவளுடைய காலணிகளில் நின்றது. அவற்றை அவர் ஐந்தாண்டுகளாக நன்கு அறிவார். தலைநகருக்குச் சென்ற அறிக்கையும், அதை வாசித்து மகிழ்ந்த மூவரும், அந்த மூவரில் ஒருவர் இதோ தம் பக்கத்தில் நிற்பதும் அவருடைய நெற்றியில் வியர்வையாக ஒவ்வொன்றாக வெளிவந்தன.

"ஓட்டுநரோட மனைவி ஐயா," என்றார். "புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றாங்க."

"அந்தக் கோட்டு?"

"மேல காத்து அதிகம் ஐயா. அவரே கழட்டிப் போட்டுவிட்டிருக்காரு."

"அவர் ஏன் இறங்கி வரல?"

"பணி நேரத்துல இடத்தை விட்டு நகர மாட்டாரு ஐயா. அப்படிப்பட்ட ஆளு. தன் சார்பா மனைவியை அனுப்பிட்டாரு."

ஆணையர் அண்ணாந்து ஆளில்லாத கூண்டை நோக்கினார். சூரியன் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. உள்ளே இருப்பவரின் கடமையுணர்ச்சி கண்ணைக் கூசச் செய்தது. அவர் நெகிழ்ந்துபோய்க் கையசைத்தார்.

பெயர்ப்பட்டியல் வாசிக்கப்பட்டது. முதல் இஸ்திரிப் பெட்டியை ஆணையர் தம் கையாலேயே அவளிடம் வழங்கினார். பாராட்டுப் பத்திரத்தையும் வழங்கினார். மேடையின் ஓரத்தில் எழுத்தர் தடித்த பேரேடு ஒன்றை விரித்து வைத்திருந்தார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

அவள் வாசித்தாள். எழுத்தர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி வாசித்தாள். "என் கணவருடைய இடத்தை அவரிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டேன். இத்துறைமுகத்தில் இனி எந்தப் பணியையும் கோரமாட்டேன்" என்று அச்சிட்டிருந்தது.

இதில் கையெழுத்திட்டால், இங்கே தானும் இருந்ததாக இனி என்றைக்கும் வாய் திறக்க முடியாது. இடாவிட்டால், இவ்வளவு பேருக்கு நடுவில் வாயைத் திறந்தே ஆக வேண்டும்; திறந்தால் கதவுக்குப் பின்னால் இருப்பவரின் பதினோரு படிகள் நாளைய செய்தித்தாளுக்குப் போகும்; கூண்டு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். அவள் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொரு பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருத்தியும் சிரிக்கவில்லை. லாரிக்காரி மட்டும் மோவாயைச் சற்றே கிரேனின் பக்கம் உயர்த்திக் காட்டினாள். நாங்கள்தான் இறங்கிவிட்டோம், உனக்கென்ன என்பதுபோல.

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள். எழுத்தர் பேரேட்டைத் தம் பக்கம் திருப்பி, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஓ, இதுதான் உங்க பேரா?"

"ஆமாங்க."

"அஞ்சு வருஷமாத் தெரியாமப் போச்சு பாருங்க. நல்ல பேரு."

துறைமுகத்தின் ஏடுகளில் அவளுடைய பெயர் ஏறியது அன்றுதான். விலகிச் சென்றோர் என்னும் தலைப்பின்கீழ் முதல் வரியில் ஏறியது.

அப்போது கடற்பக்கத்திலிருந்து கப்பல் ஒன்று ஊதியது. காலையிலிருந்து காத்துக்கிடந்த கோதுமைக் கப்பல். நன்றி நவில்வதில் அதற்கு நாட்டம் இல்லை. மறுபடியும் ஊதியது. சுமைதூக்குவோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மேல்வீட்டுக்காரி பத்திரத்தைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் செருகினாள். இஸ்திரிப் பெட்டியைத் தேநீர் வண்டியின் மேல்தட்டில் வைத்தாள்.

"இதைப் பாத்துக்கோடி."

"எலியை?"

"ரெண்டையும்."

பிறகு கண்காணிப்பாளரின் முன் வந்து நின்றாள்.

"சார், சாப்பாட்டுத் தூக்கு மேலயே இருக்கு. போய் எடுத்துட்டு வந்துடறேன்."

கண்காணிப்பாளர் அவளை வெகுநேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் இருந்ததா, நன்றி இருந்ததா என்று பகுத்தறிவது கடினம்; ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன என்பது உறுதி.

"உன் புருஷன் நாளைக்கும் ஆறு மணிக்குத்தானே ஏறுவாரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வழக்கம்போல சார்."

"லேட்டாகக் கூடாதுன்னு சொல்லு."

அவள் ஏறினாள். இசைக்குழு வாசித்தது, எஞ்சிய பெட்டிகள் ஒவ்வொன்றாக வழங்கப்பட்டன, ஆணையர் குடும்பம் என்னும் நிறுவனத்தைப் பற்றி நாற்பது நிமிடம் உரையாற்றினார். உரையின் நடுவில் பதினேழாம் எண் கிரேன் தன் கையைக் கடலின் பக்கம் திருப்பிற்று. கோதுமை மூட்டைகள் ஆடாமல் அசையாமல் அவருடைய தலைக்குமேல் வரிசையாகப் போகத் தொடங்கின. பேசி முடித்து அமர்ந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார்.

"அந்த அம்மா இன்னும் இறங்கலையே?"

"பாசமான தம்பதி ஐயா," என்றார் கண்காணிப்பாளர்.